ஆற்றோடு ஒரு பகல்: துடுப்புப் பயணத்தைக் கரையேறும் துறையிலிருந்து திட்டமிடுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. ஆறு பேர் போகிறார்கள். அவர்களில் இருவர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். ஏரியில் கொஞ்சம் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். ஓடும் ஆற்றில் இறங்கியதில்லை. கண்ணுக்கு அழகான ஓர் ஆற்றில் காலையில் இறங்கி, நீரோட்டத்தோடு போய், மாலையில் கரையேற வேண்டும். 30 கிலோமீட்டர் போக முடியுமா, எப்படித் திட்டமிடுவது?

முயன்றால் முடியும். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது அழகான ஒரு பகல். 30 கிலோமீட்டர் போனால் கிடைப்பது தோள்வலியும், கடைசி இரண்டு மணி நேரம் பிள்ளைகளின் முணுமுணுப்பும், இருட்டுவதற்குள் கரையைத் தேடும் பதற்றமும்தான். 12 முதல் 15 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் தூரத்திலிருந்து தொடங்காமல், எத்தனை மணிக்கு, எந்தத் துறையில் கரையேறப்போகிறீர்கள் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

30 என்ற எண் எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கயாக், கனூ போன்ற சிறு துடுப்புப் படகு மணிக்கு 5 கிலோமீட்டர் போகும் என்று எங்கோ படித்து, ஆறு மணி நேரத்தால் பெருக்கியிருப்பீர்கள். துடுப்பு இடைவிடாமல் நீரில் விழுந்துகொண்டிருந்தால் அந்த 5 சரிதான். வேடிக்கை பார்க்கப் போகிறவர்களின் துடுப்பு பாதி நேரம் மடியில்தான் கிடக்கும். ஒரு மீன்கொத்தி பறந்தால் எல்லோரும் நிறுத்துவார்கள். ஒருவர் தொப்பியை நீரில் விடுவார். அதை எடுக்க இரண்டு படகுகள் திரும்பும். நிறுத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால், புதியவர்கள் உள்ள குழு மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம்.

உங்கள் குழுவுக்கு இப்படிப் பார்க்கலாம். அசையாத நீரில் மணிக்கு 3 கிலோமீட்டர் போவார்கள் என்று கொள்வோம். ஆற்றின் ஓட்டம் மணிக்கு 1.5 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து 4.5. 14 கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நண்பகலில் சாப்பிட்டு, நீந்தி, படுத்துக் கிடக்க ஒன்றரை மணி நேரம். இடையில் சிறு நிறுத்தங்களுக்கு ஒரு மணி நேரம். படகில் ஏறுவது, இறங்குவது, மறந்ததைத் தேடுவது ஆகியவற்றுக்கு அரை மணி நேரம். மொத்தம் ஆறு மணி நேரம். காலை 8 மணிக்குப் படகு நீரைத் தொட்டால் பிற்பகல் 2 மணிக்குக் கரை. சூரியன் 6 மணிக்கு மறையுமானால் நான்கு மணி நேரம் கையிருப்பில் இருக்கிறது. அது வீணாகிறதே என்று தூரத்தைக் கூட்டிவிடாதீர்கள். எதிர்க்காற்று, ஒரு கவிழ்தல், ஒரு தடுப்பணையைச் சுற்றிப் படகைச் சுமந்து போவது எல்லாம் அந்தக் கையிருப்பிலிருந்துதான் கழியும்.

ஓட்டத்தின் வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கரையோரமாக 20 மீட்டரை அளந்துகொண்டு, ஒரு குச்சியை ஆற்றின் நடுவில் விழும்படி எறியுங்கள். அது 48 விநாடியில் அந்தத் தூரத்தைக் கடந்தால் ஓட்டம் மணிக்கு 1.5 கிலோமீட்டர், 24 விநாடியில் கடந்தால் 3 கிலோமீட்டர். இரண்டு மூன்று இடங்களில் எறிந்து பாருங்கள். குறுகலான இடத்தில் விரைந்தும் அகன்ற இடத்தில் சோம்பியும் ஓடுவது ஆற்றின் இயல்பு.

தூரத்தை வரைபடத்தில் அளக்கும்போது சாலைத் தூரத்தையோ நேர்கோட்டையோ நம்பக் கூடாது. சமவெளியில் வளைந்து வளைந்து ஓடும் ஆறு, நேர்கோட்டில் 10 கிலோமீட்டர் உள்ள இரண்டு ஊர்களுக்கு இடையே 15 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது சாதாரணம். இணைய வரைபடங்களில் உள்ள அளவுகோலைக் கொண்டு ஒவ்வொரு வளைவிலும் ஒரு புள்ளி வைத்து அளந்தால் உண்மையான தூரம் கிடைத்துவிடும். அப்படி அளக்கும்போதே செயற்கைக்கோள் படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஆற்றின் குறுக்கே நேர்கோடாக ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தால் அது தடுப்பணை. ஒழுங்கில்லாமல் சிதறிய வெள்ளைத் தீற்றல்கள் பாறைகள் நிறைந்த வேகப்பாய்ச்சலாக இருக்கும். படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். கோடையில் எடுத்த படத்தில் மணல்திட்டாகத் தெரிவது மழைக்காலத்தில் நீருக்குள் இருக்கும்.

இனி, எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது? ஆறுகளின் கடினத்தைக் குறிக்க உலகெங்கும் பயன்படும் ஓர் அளவுகோல் உண்டு. முதல் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை போகும். முதல் வகுப்பு என்றால் சிற்றலைகள், நகரும் நீர், எளிதில் கண்ணில் பட்டு எளிதில் விலகிப்போகக்கூடிய தடைகள். இரண்டாம் வகுப்பில் அகலமான, தெளிவான வழியுள்ள பாய்ச்சல்கள் வரும். உங்கள் குழுவுக்கு முதல் வகுப்பு மட்டுமே. நடுவில் ஒரே ஓர் இடம் மூன்றாம் வகுப்பு, மற்றதெல்லாம் எளிது என்று யாராவது சொன்னால், அந்தப் பகுதியின் வகுப்பு மூன்றுதான். ஆற்றைச் சராசரியாகக் கணக்கிடக் கூடாது.

அழகு விஷயத்தில் என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன். அகன்று நேராக ஓடும் ஆறு கரையிலிருந்து பார்க்கக் கம்பீரமாக இருக்கும். படகில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும். கண்ணின் உயரம் நீருக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லாததால் கரைகள் எட்டத்தில் இரண்டு கோடுகளாகத் தெரியும், அவ்வளவுதான். அதுபோலவே அணைக்குப் பின்னால் தேங்கிய நீர்ப்பரப்பையும் தவிர்ப்பேன். அங்கே ஓட்டமும் கிடையாது, காற்றைத் தடுக்க மரமும் கிடையாது. 20 முதல் 50 மீட்டர் அகலம், அடிக்கடி வளைவுகள், நடுநடுவே ஆற்றிடைத் திட்டுகள், ஒரு பக்கமாவது மரம் அடர்ந்த கரை அல்லது பாறைச் சுவர் இருக்கும் பகுதிதான் துடுப்புக்காரருக்கு அழகானது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு புதிய காட்சி திறக்கும். சாலை ஆற்றை ஒட்டியே ஓடாமல் விலகிப் போகும் பகுதியாக இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் இடையில் ஒரு பாலமாவது இருக்கட்டும். அவசரமானால் வெளியேற அதுதான் வழி. ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்றும் பாருங்கள். காலையில் கிழக்கு நோக்கிப் போனால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். காட்சியும் தெரியாது, நீருக்கடியில் கிடக்கும் பாறையும் தெரியாது.

பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் ஆற்றைத் தேர்ந்தெடுத்ததாகாது. நீர் குறைவாக இருக்கும் வாரத்தில் ஓர் ஆறு, மழைக்கு மறுநாள் வேறோர் ஆறு. பல ஆறுகளில் அரசுத் துறைகள் அளவு நிலையங்கள் வைத்து, நீர்மட்டத்தை மீட்டரிலும் நீர்வரத்தை விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்றும் வெளியிடுகின்றன. இந்த எண்கள் தனியாக எதையும் சொல்லாது. ஓர் ஆற்றில் விநாடிக்கு 20 கன மீட்டர் என்பது பெருவெள்ளம். வேறோர் ஆற்றில் அது படகு தரைதட்டும் அளவு. அந்தப் பகுதியில் அடிக்கடி போகும் படகுக்காரரிடமோ படகு வாடகைக்கு விடுபவரிடமோ, "எந்த அளவில் நீங்கள் புதியவர்களைக் கூட்டிப்போவீர்கள், எந்த அளவுக்கு மேல் மறுத்துவிடுவீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு எண்களையும் எழுதிவைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் நிலவரத்தைப் பாருங்கள். மட்டம் இறங்கிக்கொண்டிருந்தாலோ நிலையாக இருந்தாலோ போகலாம். ஏறிக்கொண்டிருந்தால், அது அந்த எல்லைக்குள் இருந்தாலும் போக வேண்டாம். ஏறும் நீர் கரைகளிலிருந்து மரங்களையும் குப்பைகளையும் வாரிக்கொண்டு வரும். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது படகின்மீதும் உடலின்மீதும் செலுத்தும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேலே அணை இருந்தால் கூடுதல் வேலை ஒன்று இருக்கிறது. நீர் திறக்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரம் தயாரிக்கும் அணைகளில் தேவை கூடும்போது திடீரென்று திறப்பார்கள். வானம் தெளிவாக இருக்கும். ஆறு மட்டும் உயரும். திறந்த நீர் நீங்கள் இருக்கும் இடத்தை அடையச் சில மணி நேரம் ஆகலாம், ஆனால் நீரோட்டத்தின் வேகத்தை வைத்து அந்த நேரத்தைக் கணக்கிடாதீர்கள். மட்டத்தின் உயர்வு ஓர் அலையாகப் பரவுகிறது. அந்த அலை நீரைவிட வேகமாக நகரும். பாடப்புத்தகத் தோராயம் ஒன்றரை மடங்கு. இதற்கான அறிகுறிகளைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்: சற்று முன்பு உலர்ந்திருந்த கல் நனைந்திருக்கிறது, தெளிந்த நீர் கலங்குகிறது, சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றன, மேலிருந்து வரும் இரைச்சல் மாறுகிறது. இவற்றில் எதைக் கண்டாலும் பேச்சை நிறுத்திவிட்டு உயரமான கரைக்குப் போக வேண்டும். நண்பகல் ஓய்வுக்கு ஆற்று நடுவில் உள்ள மணல்திட்டில் இறங்கினால், நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையேறும் துறையை முதல் நாளே போய்ப் பாருங்கள். வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்தால் போதாது. இறங்கி நீர் விளிம்புவரை நடந்து, ஆற்றின் மேல்திசையை நோக்கி நின்று, படகில் வரும்போது இந்த இடம் எப்படித் தெரியும் என்று பாருங்கள். சாலையிலிருந்து பெரிதாகத் தெரியும் துறை, நாணலுக்குப் பின்னால் மறைந்து, படகிலிருந்து பத்து மீட்டர் நெருங்கும்வரை தெரியாமல் போகலாம். ஓட்டம் உங்களை அதற்குள் கடத்திக்கொண்டு போய்விடும். அதற்கு 200 மீட்டர் முன்னால் ஓர் அடையாளம் தேர்ந்தெடுங்கள். தனி மரம், மின்கோபுரம், பாலத்தூண் என எதுவாகவும் இருக்கலாம். அங்கே வந்ததும் எல்லோரும் அந்தக் கரையை ஒட்டிவிட வேண்டும். அடையாளம் எதுவும் இல்லையென்றால், பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணியைக் கிளையில் கட்டிவிட்டு வாருங்கள், மறுநாள் அவிழ்த்துவிடலாம். அந்தத் துறையைத் தவறவிட்டால் அடுத்தது எங்கே, அதற்கு முன் ஆபத்தான இடம் ஏதாவது உண்டா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். துறைக்குக் கீழே சிறிது தூரத்தில் தடுப்பணை இருந்தால் அந்தத் துறையே வேண்டாம். மேலே இன்னொன்றைத் தேடுங்கள்.

வண்டி ஏற்பாட்டில்தான் பெரும்பாலான குழுக்கள் காலை நேரத்தைத் தொலைக்கின்றன. இரண்டு வண்டிகள் இருந்தால், எல்லோரும் படகுகளோடு இறங்குதுறைக்குப் போங்கள். சாமான்களை இறக்கிவிட்டு, பெரியவர்கள் இருவர் பிள்ளைகளோடு அங்கே நிற்க, ஓட்டுநர்கள் இருவரும் இரண்டு வண்டிகளையும் கரையேறும் துறைக்கு ஓட்டிச்சென்று ஒன்றை அங்கே விட்டுவிட்டு மற்றொன்றில் திரும்ப வேண்டும். கிராமச் சாலைகளில் இதற்கு ஒரு மணி நேரம் எளிதாகப் போய்விடும். எனவே 8 மணிக்கு நீரில் இறங்க 6.30க்கே இறங்குதுறையில் இருக்க வேண்டும். கீழே நிற்கும் வண்டியின் சாவி உங்கள் படகில் வர வேண்டும். மேலே விட்ட வண்டிக்குள் அதை மறந்துவிட்டு 14 கிலோமீட்டர் துடுப்பு வலித்து வருபவர்கள் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மாற்று உடைகளையும் துண்டுகளையும் கீழே நிற்கும் வண்டியில் வையுங்கள். ஒரே வண்டிதான் என்றால், கீழே ஒரு மிதிவண்டியைப் பூட்டிவைத்துவிட்டு வரலாம்; அல்லது படகு வாடகைக்கு விடுபவரே கொண்டுவிட்டு அழைத்துவருவாரா என்று கேட்கலாம்.

படகைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிள்ளைகள் ஆளுக்கொரு பெரியவரோடு இருவர் படகில் போகட்டும், பெரியவர் பின்னால் அமர்ந்து திசை பார்க்கட்டும். மேலே உட்காரும் வகை கயாக் கவிழ்ந்தாலும் மறுபடி ஏறுவது எளிது, நீர் தானாக வடிந்துவிடும். கனூ சாமான்களுக்கும் பிள்ளைகளுக்கும் தாராளமாக இடம் தரும், ஆனால் காற்றில் அலைக்கழியும். நின்றபடி துடுப்புப் போடும் பலகையை யாராவது கொண்டுவந்தால், அதன் கணுக்கால் கயிற்றை ஓடும் ஆற்றில் அனுமதிக்காதீர்கள். பலகை பாறைக்கு ஒரு பக்கமும் ஆள் மறுபக்கமும் போனால், நீரின் விசையில் காலை எட்டி அந்தக் கயிற்றை அவிழ்க்க முடியாது. இழுத்தவுடன் கழன்றுவிடும் இடுப்புக் கயிறுதான் ஆற்றுக்கு உரியது.

உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும், எல்லா நேரமும். நீச்சல் தெரியும் என்பது அங்கி அணியாததற்குக் காரணமாகாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் படகு விபத்து அறிக்கைகளைப் புரட்டினால் ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது: மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அங்கி அணியாதவர்கள். நீந்தத் தெரிந்த பெரியவர்களுக்கு 50 நியூட்டன் மிதப்பு விசை உள்ள அங்கி போதும். துடுப்பு வலிக்கக் கை தாராளமாக அசையும். பிள்ளைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும், நினைவிழந்தவரைக்கூட முகம் மேலே வரும்படி திருப்பக்கூடிய 100 நியூட்டன் வகை நல்லது. வார்களை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளையின் அளவு இல்லை.

நீரின் குளிர்ச்சியைக் காற்றின் வெப்பத்தை வைத்து எடைபோடக் கூடாது. மலையிலிருந்தோ அணையின் அடிமட்டத்திலிருந்தோ வரும் நீர், வெயில் கொளுத்தும் நாளிலும் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கலாம். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தை உறிஞ்சும். குளிர்நீர் ஆய்வாளரான கனடாவின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை எளிதில் நினைவில் நிற்கும்படி சொல்லியிருக்கிறார்: மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் திணறலோடு நீரைக் குடித்துவிடாமல் காப்பது அங்கிதான். குளிர்ந்த ஆறு என்றால் பருத்தி உடைகளைத் தவிர்த்து, நனைந்தாலும் வெப்பம் காக்கும் கம்பளியையோ செயற்கை இழைத் துணியையோ அணியுங்கள்.

ஏரியில் மட்டும் பழகியவர்களுக்கு ஆறு புதிதாகக் கற்றுத்தர வேண்டியது நீரைப் படிப்பதை. வளைவில் வேகமான, ஆழமான நீர் வெளிக்கரையை ஒட்டி ஓடும். உள்கரையில் மணல் படிந்து ஆழம் குறைந்திருக்கும். நீரின் மேற்பரப்பில், கூர்முனை கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு வழவழப்பான நாக்கு தெரிந்தால், அது இரண்டு தடைகளுக்கு நடுவே உள்ள ஆழமான வழி, அதன்வழியே போகலாம். கூர்முனை உங்களைப் பார்த்தபடி இருந்தால் அந்த முனையில் நீருக்குச் சற்றுக் கீழே ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் நீர் தேங்கி மேல்நோக்கித் திரும்பும். ஓய்வெடுக்கவும் பின்னால் வருபவர்களுக்காகக் காத்திருக்கவும் அந்த இடம் உதவும். பாறையில் படகு குறுக்காக மோதிவிட்டால் உள்ளுணர்வு பாறையிலிருந்து விலகிச் சாயச் சொல்லும். அப்படிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் நீர் படகுக்குள் ஏறிக் கவிழ்த்துவிடும். பாறையை அணைப்பதுபோல் அதன் பக்கமே சாய வேண்டும்.

எளிய ஆறுகளிலும் உயிரைப் பறிப்பவை மூன்று. முதலாவது, வெளிவளைவில் சாய்ந்து கிடக்கும் மரம். நீர் கிளைகளுக்கு இடையே புகுந்து போய்விடும். படகும் ஆளும் போக முடியாது. பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும், பிடித்து நிற்கலாம்போல் தோன்றும். மரம் தெரிந்தவுடனேயே உள்கரைப் பக்கம் ஒதுங்கத் தொடங்குங்கள். அருகில் வந்தபின் ஓட்டம் விடாது. நீரில் விழுந்து தவிர்க்க முடியாமல் அதை நோக்கிப் போய்விட்டால் மட்டும், தலையை முன்வைத்து வேகமாக நீந்திக் கிளைமீது நெஞ்சைத் தூக்கி ஏற வேண்டும்.

இரண்டாவது தடுப்பணை. ஒரு மீட்டர் உயரம்கூட இராது, கரையிலிருந்து பார்த்தால் அருவிபோல் அழகாக இருக்கும். அதன் அடியில் நீர் மேலும் கீழுமாகச் சுழன்று, விழுந்ததைத் திரும்பத் திரும்ப அணைச்சுவருக்கே இழுத்துவரும். வலிமையான நீச்சல்காரரும் அங்கே வெளியேற வழியில்லாமல் தவிப்பார். மேலிருந்து வரும் படகுக்காரர் கண்ணுக்கு அது கிட்டத்தட்டத் தெரியாது. ஆறு ஒரு நேர்கோட்டில் முடிந்துபோனதுபோல் இருக்கும், அப்பாலுள்ள மரங்களின் அடிப்பகுதி மறைந்து உச்சி மட்டும் தெரியும். அந்தக் கோட்டைக் கண்டதும் கரையேறிப் படகைச் சுமந்து சுற்றிப் போக வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு தடுப்பணையும் முன்கூட்டியே உங்கள் வரைபடத்தில் சிவப்பாகக் குறிக்கப்பட்டிருக்கட்டும்.

மூன்றாவது, நிற்க முயல்வது. கவிழ்ந்தவர் முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள வேகமான நீரில் கால் ஊன்றினால், இரண்டு கற்களுக்கு நடுவே பாதம் சிக்கிக்கொள்ளும்; ஓட்டம் உடலை முன்னால் மடக்கி நீருக்குள் அழுத்திவிடும். மல்லாந்து, பாதங்களைக் கீழ்த்திசை நோக்கி நீர்மட்டத்தில் வைத்து மிதந்து, கைகளால் கரைப்பக்கம் நகர்ந்து, ஓட்டம் தணிந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும். படகைப் பிடித்திருந்தால் அதன் மேல்திசைப் பக்கம் இருங்கள். கீழ்ப்பக்கம் இருந்தால் நீர் நிறைந்த படகுக்கும் பாறைக்கும் நடுவே நசுங்க நேரிடும். பயணத்துக்கு முந்தின வாரம் ஏரியில் எல்லோரும் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து, மறுபடி ஏறிப் பழகுங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் பயணத்தைவிடப் பெரிய கொண்டாட்டமாக இருக்கும்.

ஆற்றில் போகும்போது, இருப்பவர்களில் அனுபவம் கூடியவர் முன்னால், அடுத்தவர் கடைசியில். நடுவில் உள்ளவர்கள் முன்னவரைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு படகும் தனக்குப் பின்னால் வருவதைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு விசில் அங்கியில் கட்டியிருக்கட்டும்: ஒருமுறை ஊதினால் கவனி, மூன்றுமுறை ஊதினால் ஆபத்து.

சாமான்கள் குறையக் குறைய நல்லது. வெயில் நாளில் தலைக்கு 3 லிட்டர் குடிநீர், உணவு, முதலுதவிப் பெட்டி, கத்தி, மிதக்கும் கயிறு, குழுவுக்கு ஓர் உபரித் துடுப்பு, தொப்பி, வெயில் களிம்பு. நீரில் தெறிக்கும் ஒளி தொப்பியின் அடிவழியாகவும் முகத்தைச் சுடும். நீர்புகாப் பையின் வாயைக் குறைந்தது மூன்று மடிப்பாவது சுருட்டிப் பூட்டுங்கள். கனமானதைப் படகின் நடுவில் தாழ்வாக வைத்துக் கட்டுங்கள். கயிற்றின் நுனி எதுவும் தொங்கக் கூடாது. காலுக்குப் பின்வார் உள்ள செருப்பு அல்லது பழைய காலணி வேண்டும். விரலிடைச் செருப்பு முதல் சேற்றிலேயே போய்விடும்.

வானிலை என்றால் மழை மட்டுமே பலருக்கு நினைவுக்கு வரும். துடுப்புக்காரரின் பகலைக் கெடுப்பது பெரும்பாலும் காற்று. நிலம் சூடேற ஏறக் காற்று வலுக்கும்; மலைப் பள்ளத்தாக்குகளில் பகலில் அது கீழிருந்து மேலாக, உங்கள் முகத்துக்கு நேராக வீசும். சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அகன்ற பகுதிகளை முற்பகலிலேயே கடந்துவிடும்படி திட்டமிடுங்கள். எதிர்க்காற்று வந்தால் காற்று மறைவான கரையை ஒட்டிப் போங்கள். இடியைப் பொறுத்தவரை, மின்னலுக்கும் ஓசைக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கரையேறி, தனித்து நிற்கும் உயரமான மரத்தை விட்டு விலகி இருங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மறுபடி நீருக்கு வர வேண்டும்.

இறங்குதுறை, கரையேறும் துறை, நண்பகல் தங்கும் கரை ஆகிய மூன்றும் யாருடையவை, அனுமதி தேவையா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஆறு பொதுவாக இருந்தாலும் கரை தனியாருடையதாக இருக்கலாம். மணல்திட்டில் பறவைகள் கூச்சலிட்டுத் தலைக்கு மேல் வட்டமிட்டால் அங்கே முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். வேறு திட்டைப் பாருங்கள்.

முந்தின நாள் மாலையில் எல்லோரும் கூடி ஒரு முடிவு எடுங்கள். நீர்மட்டம் எழுதிவைத்த எல்லையைத் தாண்டியிருந்தாலோ, ஏறிக்கொண்டிருந்தாலோ, இடிமழை அறிவிப்பு இருந்தாலோ பயணம் இல்லை. துறைக்கு வந்து, படகுகளை இறக்கி, பிள்ளைகள் அங்கி மாட்டிக்கொண்டு நிற்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. மாற்றாக ஓர் ஏரியைக் குறித்துவையுங்கள். ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

கிளம்புமுன், கூட வராத ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள் அல்லது செய்தியாக அனுப்புங்கள். எங்கே இறங்குகிறீர்கள், எங்கே கரையேறுகிறீர்கள், எத்தனை பேர், படகுகளின் நிறம், வண்டி எண், எதிர்பார்க்கும் நேரம், எத்தனை மணிவரை தகவல் வராவிட்டால் அவர் மீட்புப் படையை அழைக்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். உங்கள் கணக்கில் கரையேறுவது 2 மணி என்றால், அந்தக் கடைசி நேரத்தை 5 மணி என்று வையுங்கள். தேடுபவர்களுக்கும் வெளிச்சம் வேண்டும். கரையேறியதும் படகைக் கழுவுவதற்கும் உடை மாற்றுவதற்கும் முன்னால் அவருக்குத் தகவல் சொல்லுங்கள். துறையில் தொலைபேசி எடுக்காது என்றால், எடுக்கும் இடத்துக்கு வண்டியில் போக எவ்வளவு நேரமாகும் என்பதை முதல் நாள் பார்க்கப் போகும்போதே குறித்துக்கொண்டு, அதையும் அந்த 5 மணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.